நாவின் நுனியில் நிற்கும் சொல்: முதுமையும் சொல்மறதியும்



மறதியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "உரையை மறவாமல் எழுதி எடுத்துச் செல்லுங்கள்" என்று அறிவுரை கூறினார். அவ்வாறே எழுதி எடுத்து வந்திருக்கிறேன்.

அறுபதைக் கடந்தோர் நால்வர் காப்பிக்கடை மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு பழைய திரைப்படத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "அந்தப் படத்தில் நடித்தாரே, அவர்தான்." "எவர்?" "அதுதான், இவரோடு இன்னொரு படத்தில் அண்ணனாக வருவாரே." "ஓ, அவரா! அவர் மனைவிகூட நடிகைதானே, அந்தப் பாட்டில் வருவாரே." அரைமணி நேரம் உரையாடல் இனிதே நடைபெறும். ஒரு நடிகர் பெயரோ, ஒரு படத்தின் பெயரோ வெளிவந்திராது. ஆயினும் நால்வரும் ஒருவரையொருவர் முழுமையாகப் புரிந்துகொண்டு எழுந்து செல்வர். அன்று இரவு பதினொரு மணிக்கு, உறங்கப்போகும் வேளையில், ஒருவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அந்தப் பெயரை உரக்கச் சொல்வார். கேட்பதற்கு அருகில் வாழ்க்கைத்துணை மட்டுமே இருப்பார். அவருக்கும் உறக்கம் கெடும்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். சிரிக்கத்தக்கதுதான். ஆனால் அந்தப் பெயர் அரைமணி நேரம் எங்கே இருந்தது? அழிந்துபோயிருந்தால் இரவு பதினொரு மணிக்கு எங்கிருந்து வந்தது? இக்கேள்வியை மொழியியல் நோக்கில் அணுகுவதே என் முதல் நோக்கம். இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை, நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் தமிழின் நிலையைப் பற்றியும் ஒரு செய்தியைச் சொல்கிறது. அதை எடுத்துரைப்பது என் இரண்டாவது நோக்கம்.

1. மறதி என்னும் குற்றச்சாட்டு

மறத்தலைக் குறிக்கத் தமிழில் மறதி, மறப்பு, மறவி, பொச்சாப்பு எனப் பல சொற்கள் உண்டு. திருக்குறளின் 54-ஆம் அதிகாரம் பொச்சாவாமை. மகிழ்ச்சியின் களிப்பிலும் அசட்டையிலும் செய்ய வேண்டியதை மறந்திருப்பதே அங்கே பொச்சாப்பு எனப்படுகிறது. மடியின்மை அதிகாரத்தில் காலத் தாழ்ச்சி, சோம்பல், தூக்கம் ஆகியவற்றோடு மறவியும் சேர்த்துக் கண்டிக்கப்படுகிறது. இவ்விடங்களில் மறதி ஓர் ஒழுக்கக் குறை. மறந்தவன் கவனமாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு.

இந்தக் குற்றச்சாட்டு இன்றும் நம் வீடுகளில் வழங்குகிறது. ஒரு பெயர் வாயில் வராமல் தடுமாறும் முதியவரைப் பார்த்து, "கொஞ்சம் கவனமாக இருக்கக்கூடாதா?" என்கிறோம். ஆனால் அவர் கவனக்குறைவாக இல்லை. சொல்லப்போனால் அந்த நேரத்தில் அந்த மேசையில் மிகக் கவனமாக இருப்பவர் அவர்தான். நெற்றியைச் சுருக்கி, கையைக் காற்றில் அசைத்து, முழு முயற்சியோடு அவர் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார். பொச்சாப்பு வேறு, இது வேறு.

இந்நிலையை மக்கள் வழக்கு நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது. "நாக்கு நுனியில் நிற்கிறது", "வாய் வரைக்கும் வந்துவிட்டது", "நெஞ்சில் இருக்கிறது, வாயில் வரவில்லை" என்கிறோம். அமெரிக்க உளவியலாளர் பென்னட் சுவார்ட்ஸ் 1999-இல் 51 மொழிகளில் இந்நிலை எவ்வாறு குறிக்கப்படுகிறது என்று ஆராய்ந்தார். 45 மொழிகளில் நாக்கோடு தொடர்புடைய தொடர்களே வழங்கக் கண்டார். ஆங்கிலத்திலும் நாவின் நுனிதான். ஒன்றோடொன்று உறவில்லாத மொழிகளைப் பேசும் மக்கள் ஒரே உவமையைக் கண்டடைந்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் அனைவரும் ஒரே உண்மையை உணர்ந்திருக்கிறார்கள் என்பது தெளிவு. சொல் உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை. இவ்வுரையில் இதனை நாநுனி நிலை என்று குறிப்பிடுவேன்.

2. 'அந்த இதை எடுத்து இதில் வை'

நாநுனி நிலையில் நாம் பேசும் தமிழைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். சமையலறையிலிருந்து ஒரு குரல்: "அந்த இதை எடுத்து இதில் வை. இல்லாவிட்டால் எல்லாம் இதாகிவிடும்."

கேட்பவர் அரிந்த காய்கறிகளை எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவார். ஐம்பது ஆண்டு இல்லறத்தின் பெருமை அது. ஆனால் மொழியியலாளர் கவனிப்பது வேறொன்றை. அந்த வாக்கியத்தில் இரண்டாம் வேற்றுமை உருபு உரிய இடத்தில் இருக்கிறது. ஏழாம் வேற்றுமை உருபு தவறாமல் வந்திருக்கிறது. வினையெச்சமும், ஏவல் வினையும், நிபந்தனையும் ஒழுங்காக அமைந்துள்ளன. பெயர்கள் நிற்க வேண்டிய இடங்களில் மட்டும் 'இது' என்னும் சுட்டு நின்று, இடத்தைக் காத்து வருகிறது. 'இதாகிவிடும்' என்பதில் அந்தச் சுட்டே வினையின் பகுதியாகவும் ஆகிவிட்டது. வீட்டின் சட்டகம் முழுதும் நிற்கிறது. இரண்டு செங்கற்களைக் காணவில்லை, அவ்வளவுதான்.

நம் அண்டை மொழியான மலாயிலும் இதற்கென 'அனு' என்றொரு சொல் உண்டு. பெயர் தெரியாத அல்லது நினைவுக்கு வராத ஆளையும் பொருளையும் அதனால் குறிப்பர். சொல் தவறும் இடத்திற்கு ஒரு மாற்றாளை மொழிகளே ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. மனிதருக்கு இது இயல்பாக நேர்வது என்பதை மொழிகள் நமக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டன.

3. வெற்றிடத்திற்கும் ஒரு வடிவம் உண்டு

வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியல் நூலில் இந்நிலையை வருணித்திருக்கிறார். மறந்த பெயர் இருந்த இடம் வெற்றிடமாகத் தோன்றினாலும் அதற்கென ஒரு வடிவம் இருக்கிறது என்பது அவர் கருத்து. தவறான பெயரை எவரேனும் எடுத்துக் கொடுத்தால் உடனே தலையசைத்து மறுக்கிறோம். பூட்டின் உள்வடிவம் தெரிந்தவர்போல், இந்தச் சாவி பொருந்தாது என்கிறோம்.

இதனை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் ஆவர். 1966-இல் வெளியான அவர்களது ஆய்வில், அரிதாக வழங்கும் 49 ஆங்கிலச் சொற்களின் பொருள் விளக்கத்தை மாணவர்களிடம் படித்துக்காட்டி, சொல்லைக் கேட்டனர். சொல் நாநுனியில் நின்றபோது, அதன் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் மாணவர்கள் பல வேளைகளில் சரியாகச் சொன்னார்கள். முழுச்சொல் வரவில்லை, அதன் நிழல் வந்தது.

நம் சமையலறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். குழம்பை அள்ளும் அந்தக் கருவியின் பெயரைத் தேடுகிறார் ஒருவர். "அ... அகல்... அடுப்பு... அது இல்லை... அகப்பை!" தேடும் வழியில் வந்த சொற்கள் எல்லாம் அகரத்தில் தொடங்குகின்றன. அகல் ஒலியால் நெருங்கியது. அடுப்பு ஒலியாலும் இடத்தாலும் நெருங்கியது. தேடுபவர் சரியான தெருவில்தான் நிற்கிறார். வீட்டு எண் மட்டும் தெரியவில்லை.

முதுமையில் என்ன நேர்கிறது? டெபோரா பர்க்கும் டொனால்டு மெக்கேயும் உடன் ஆய்வாளர்களும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், இளையோர், நடுவயதினர், முதியோர் ஆகியோர் தமக்கு நேர்ந்த நாநுனி நிலைகளை நான்கு வாரங்கள் நாட்குறிப்பில் எழுதி வந்தனர். முதியோர்க்கு அவை கூடுதலாக நேர்ந்தன; அவற்றுள் ஆட்பெயர்கள் மிகுதி. இளையோர்க்குத் தேடும்போது வேறு சொற்கள் குறுக்கே வந்து நின்றன. முதியோர்க்கோ பெரும்பாலும் எதுவும் வராத வெறுமையே இருந்தது. எல்லா வயதினர்க்கும் பெரும்பாலான சொற்கள் பின்னர்த் திரும்பி வந்துவிட்டன. தேடுவதை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும்போது தாமாகவே வந்தவையும் பல.

இவ்வாய்வாளர்கள் தரும் விளக்கம் எளிது. ஒரு சொல்லின் பொருள் ஓரிடத்திலும் அதன் ஒலி மற்றோரிடத்திலும் இருப்பதாகக் கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு பாதை இணைக்கிறது. அடிக்கடி நடந்தால் பாதை தெளிவாக இருக்கும். நடவாவிட்டால் புல் மண்டிவிடும். மூப்பும் அந்தப் பாதைகளை மெலிவிக்கிறது. பொருளோடு பொருளை இணைக்கும் பாதைகள் பல. ஆகவே ஒன்று மெலிந்தாலும் இன்னொன்று உதவும். பொருளிலிருந்து ஒலிக்குச் செல்லும் பாதையோ ஒற்றையடிப் பாதை. அது மெலிந்தால் மாற்று வழி இல்லை. முதியோரின் சொற்களஞ்சிய அறிவு இளையோரைவிடக் குறைவதில்லை என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும். களஞ்சியம் நிறைந்திருக்கிறது, கதவுதான் இறுகிவிட்டது.

ஹாரி பாரிக்கும் அவர்தம் குழுவினரும் 1975-இல் 392 பேரைக் கொண்டு செய்த ஆய்வு இதற்கு மற்றொரு சான்று. பள்ளியை விட்டு ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆனோரும், படங்களைக் காட்டியபோது தம் வகுப்புத் தோழர்களின் முகங்களில் பத்துக்கு ஒன்பதை அடையாளம் கண்டுகொண்டனர். பெயர்களைத் தாமே நினைவுகூர்ந்து சொல்வது அதைவிட மிகக் கடினமாக இருந்தது. அறிதல் எஞ்சியிருக்கிறது, சொல்லுதல்தான் தடைப்படுகிறது.

4. ஆட்பெயர்கள் முதலில் நழுவுவது ஏன்?

இதற்கு விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுக்கிறது. மரத்தைக் கொத்துவதால் மரங்கொத்தி, பறப்பதால் பறவை. இவை காரணப் பெயர்கள். பொருளைப் பிடித்துக்கொண்டு சொல்லை எட்டிவிடலாம். மண், மரம் என்பன இடுகுறி. பொருளிலிருந்து சொல்லுக்குப் படிக்கட்டு இல்லை.

ஆட்பெயர்களுக்குப் பொருள் இருந்தாலும், ஒருவருக்கு இட்டபின் அவை இடுகுறிபோலவே இயங்குகின்றன. செல்வம் என்னும் பெயருடையவர் செல்வராக இருக்க வேண்டும் என்பதில்லை. இளங்கோவுக்கு எழுபது வயதாகலாம். அவர்களது முகத்தைப் பார்த்தால் தொழில் நினைவுக்கு வரும்; வீடு நினைவுக்கு வரும்; மகளின் திருமணத்தில் உண்ட பாயசம்கூட நினைவுக்கு வரும். பெயருக்கு மட்டும் வழி இராது. 1987-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அங்கே 'பேக்கர்' என்பது ரொட்டி சுடுபவரையும் குறிக்கும், ஒருவரது குடும்பப் பெயராகவும் வரும். ஒரு முகத்தைக் காட்டி அவர் தொழில் பேக்கர் என்று சொன்னால் நினைவில் நின்றது. அதே சொல்லைப் பெயர் என்று சொன்னால் நழுவியது. ஒலி ஒன்றே; பிடித்துக்கொள்ளப் படிக்கட்டு இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு.

தமிழ்ச் சமூகம் இதற்கு ஒரு காப்பு வைத்திருக்கிறது. அதுதான் உறவுமுறைச் சொற்கள். திருமண மண்டபத்தில் எதிரே வருபவர் பெயர் நினைவுக்கு வராவிட்டால் என்ன? "வாங்க மாமா, நல்லா இருக்கீங்களா? வீட்டில் எல்லாரும் சுகமா?" என்று கேட்டால் போதும். மரியாதையும் கெடவில்லை, மறதியும் வெளிப்படவில்லை. அண்ணன், அக்கா, மாமா, பெரியம்மா என்பன பாசத்தின் சொற்கள். வயது ஏற ஏற அவை பாதுகாப்பின் சொற்களாகவும் ஆகின்றன. அவருக்கும் நம் பெயர் நினைவில் இல்லை என்பதை, அவரும் நம்மை "வாங்க தம்பி" என்று அழைக்கும்போது அறிந்து மனநிறைவு அடையலாம்.

பெயர்கள் இடம் மாறி வருவதும் உண்டு. பேரனை அழைக்க வேண்டிய பாட்டி, மூத்த மகன் பெயர், இளைய மகன் பெயர், மூத்த பேரன் பெயர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "நீதான்டா, வா" என்று முடிப்பார். 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இத்தகைய தவறுகளைத் தொகுத்துப் பார்த்தது. குடும்பத்தினர் பெயர் குடும்பத்தினர் பெயரோடும், நண்பர் பெயர் நண்பர் பெயரோடும் மாறுகின்றன. வீட்டு நாயின் பெயரும் பிள்ளைகளின் பெயர் வரிசையில் புகுந்துவிடுகிறது; பூனையின் பெயர் அவ்வாறு புகுவதில்லை. ஆகவே பாட்டி பெயரை மாற்றி அழைத்தால் வருந்தாதீர்கள். அவர் நெஞ்சில் நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

5. மோனையும் எதுகையும் நினைவின் கைப்பிடிகள்

நாநுனியில் நிற்கும் சொல்லை வெளிக்கொணர எது உதவும் என்பதையும் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். பொருள் விளக்கத்தை மீண்டும் மீண்டும் சொல்வதால் பயன் குறைவு. பொருள்தான் முன்பே தெரியுமே. ஒலிக்குறிப்பே உதவுகிறது. அதிலும் சொல்லின் முதல் அசையைக் கேட்பது, நடு அசையையும் இறுதி அசையையும் கேட்பதைவிட உதவுகிறது.

தமிழ் யாப்பு கற்றவர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்காது. முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. முதலெழுத்து அளவால் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. இரண்டும் சேர்ந்து சொல்லின் தொடக்கத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இவை செவிக்கு இன்பம் தருவன என்று கற்பிக்கிறோம். உண்மைதான். ஓலைச்சுவடி அரிதாக இருந்த காலத்தில் பாடல்களை நெஞ்சில் சுமந்தவர்களுக்கு இவை கைப்பிடிகளாகவும் இருந்தன. ஓரடி நினைவில் இருந்தால், அடுத்த அடியின் தொடக்கத்தை எதுகை எடுத்துக் கொடுக்கும். ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாக வரும் அந்தாதியில், மறதி புகும் இடைவெளியே அடைக்கப்பட்டுவிடுகிறது.

நிகண்டுகளையும் எண்ணிப் பாருங்கள். செய்யுளால் ஆகிய அந்த அகராதிகளை மாணவர்கள் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்தார்கள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் 11-ஆம் தொகுதி எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்தின் வரிசையில் அமைந்துள்ளது. 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கியது. ஒன்று எதுகையால் தேடும் வழி. மற்றொன்று முதலெழுத்தால் தேடும் வழி. சொல்லை ஒலியால் தேடுவது எப்படி என்பதை நம் முன்னோர் நூலாகவே ஆக்கி வைத்திருந்தனர்.

6. இரண்டு மொழிகளுக்கு இடையே

இனி என் இரண்டாம் நோக்கத்திற்கு வருகிறேன்.

நாநுனி நிலை முதியோர்க்கு மட்டும் உரியதன்று. இருமொழியாளர்களை ஆராய்ந்த தமார் கோலன் முதலியோர், ஒருமொழியாளரைவிட இருமொழியாளர்க்கு அது கூடுதலாக நேர்கிறது என்று காட்டியுள்ளனர். அவர்கள் தரும் காரணங்களுள் முதன்மையானது கணக்குப் போன்றது. ஒரு நாளுக்கு உரிய பேச்சு இரண்டு மொழிகளுக்கும் பங்கிடப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு மொழியின் ஒவ்வொரு சொல்லும் குறைவாகவே வழங்குகிறது. பாதையில் நடமாட்டம் குறைகிறது. ஆட்பெயர்களில் மட்டும் இருமொழியாளர்க்கு இந்தக் கூடுதல் தடுமாற்றம் இல்லை. பெயர் எந்த மொழியில் பேசினாலும் ஒன்றுதானே. காரணம் பழக்கமே என்பதற்கு இது நல்ல சான்று.

இருமொழியாளராக இருப்பது குறை என்று யாரும் கொள்ள வேண்டா. அது பெரும்பேறு. ஆனால் அதற்குரிய விலையை அறிந்து வைத்திருப்பது நல்லது. சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில், வீட்டில் மிகுதியும் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. அதே காலத்தில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. பள்ளியில் தமிழ் கற்கும் மாணவர் 'முறம்' என்னும் சொல்லைத் தேர்வுக்காகப் படித்திருப்பார். பார்த்தால் அறிந்துகொள்வார். சொல்லச் சொன்னால் வராது. பாட்டியின் நிலையும் பேரனின் நிலையும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஒருவருக்குப் பாதை மூப்பால் மெலிந்தது. மற்றவருக்குப் பாதை நடக்கப்படாமலே மெலிந்தது.

இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கும்போது நிகழ்வதைக் கவனியுங்கள். பாட்டி, "உங்க சித்தப்பா பெண்டாட்டி எனக்கு மருமகள், உங்க அம்மாவுக்கு அவள்..." என்று நிறுத்துகிறார். சொல் வரவில்லை. பேரன் உடனே, "ஆன்ட்டி, பாட்டி" என்று முடித்துவிடுகிறான். உரையாடல் தடையின்றி நகர்கிறது. ஆனால் பாட்டி தேடியது 'ஓரகத்தி' என்னும் சொல்லை. கணவனுடைய உடன்பிறந்தானின் மனைவி என்பதை ஒரே சொல்லில் உணர்த்தும் பெயர் அது. இன்னும் ஒரு நொடி கிடைத்திருந்தால் அது வந்திருக்கும். பேரனும் அதை முதன்முறையாகக் கேட்டிருப்பான். அந்த ஒரு நொடியில் இரண்டு பாதைகள் திறந்திருக்கும். இரண்டும் அடைபட்டன.

இவ்வாறு பலமுறை நேரும்போது முதியவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். தடுமாறித் திருத்தப்படுவதைவிடப் பேசாதிருப்பது மேல் என்று எண்ணுகிறார். கூட்டங்களில் அவர் அமைதியாக ஓரத்தில் அமர்ந்திருப்பதை, "வயதாகிவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது" என்று நாம் பொருள்கொள்கிறோம். அவர் பேசாவிட்டால் அவருடைய பாதைகள் மேலும் மெலியும். இளையோர் செவியில் விழும் தமிழும் குறையும். ஒரு வீட்டில் ஒரு முதியவர் பேச்சை நிறுத்துவது அந்த வீட்டின் தமிழில் ஓர் அறை பூட்டப்படுவதற்கு ஒப்பாகும். சிரித்துக் கடந்துவிடக்கூடிய மறதி கவலைக்குரியதாவது இந்த இடத்தில்தான்.

7. மறதியும் நோயும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சொல் வராமல் தடுமாறிப் பின்னர் நினைவுகூர்வது மூப்பின் இயல்பு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே தேடுவதும் அத்தகையதே. ஆனால் பல்லாண்டு பழகிய வழியில் வீடு திரும்பத் தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியைச் சற்று நேரத்திலேயே கேட்டதே தெரியாமல் மீண்டும் மீண்டும் கேட்பது, வாழ்நாள் முழுதும் செய்த சமையலின் படிகள் குழம்பிப்போவது ஆகியவை வேறு வகையின. பேச்சில் வழக்கத்திற்கு மாறான பெரிய மாற்றம் தெரிந்தாலும் அப்படியே. அவை முதுமை மறதி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். வேறு உடல்நலக் காரணங்களாலும் நேரலாம். எதுவென்று முடிவு செய்வது மருத்துவரின் பணி. தாமதியாமல் அழைத்துச் செல்வது நம் பணி. ஒரு பெயர் மறந்ததற்கே நோய் என்று அஞ்சுவதும் தவறு. கண்முன் தெரியும் மாற்றத்தை 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்குவதும் தவறு.

8. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சில சொற்கள்

சொல்லைத் தேடுபவர் முதியவராயினும் மாணவராயினும், உதவும் முறை ஒன்றே. மூன்று படிகளாகச் சொல்கிறேன்.

முதலாவது, சற்றுக் காத்திருங்கள். ஆனால் நெடுநேரம் தவிக்கவிடாதீர்கள். நாநுனி நிலையில் நீண்ட நேரம் நிறுத்தப்பட்டவர்கள், இரண்டு நாள் கழித்து அதே சொல்லில் மீண்டும் தடுமாறும் வாய்ப்பு மிகுதி என்று 2008-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு கூறுகிறது. தவிக்கும்போது மனம் தவிப்பையே கற்றுக்கொள்கிறது. வகுப்பில் ஒரு மாணவரை எழுப்பி நிறுத்தி, "யோசி, யோசி" என்று ஐந்து நிமிடம் காத்திருப்பதால் விளையும் பயன் இதுதான்.

இரண்டாவது, முழுச்சொல்லையும் கொடாமல், வேறு மொழிச் சொல்லையும் கொடாமல், முதல் ஒலியைக் கொடுங்கள். பாட்டிக்கு "ஓர..." என்று தொடங்கிக் கொடுப்பதற்குப் பேரனுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், "என்ன எழுத்தில் தொடங்கும் பாட்டி?" என்று கேட்கலாம். தேடுபவர்க்கு முதல் எழுத்து பல வேளைகளில் தெரிந்திருக்கும் என்பதை முன்பே கண்டோம். வகுப்பில் பொருள் விளக்கத்தை மூன்றாம் முறை சொல்வதற்கு மாறாக, மோனையை எடுத்துக் கொடுங்கள். ஒலிக்குறிப்பைப் பெற்றுத் தாமே சொல்லைக் கண்டடைந்தோர்க்கு மறுமுறை தடுமாற்றம் குறைகிறது.

மூன்றாவது, கண்டடைந்த சொல்லை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். தலையசைத்து, "ஆமாம், அதுதான்" என்று கடந்துவிட்டால் பாதையில் கால் பதிவதில்லை. நன்னூல் பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்தில், ஒருமுறை கேட்டதோடு நில்லாமல் இருமுறை கேட்டால் பிழை குறையும் என்றும், மும்முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு உரைக்கலாம் என்றும் கூறுகிறது. கேட்பதற்கே அவ்வாறாயின், சொல்லுவதற்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு பணியைத் தந்து முடிக்கிறேன். இவ்வார இறுதியில் உங்கள் வீட்டு முதியவர் ஒருவரோடு அமருங்கள். அவர் சிறுவயதில் வாழ்ந்த வீட்டின் சமையலறையில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். அம்மி, உரல், உலக்கை, திருகை, முறம், அரிவாள்மனை என்று வரும். நடுவில் ஏதேனும் ஒரு சொல் நிற்கும். அவர் நெற்றியைச் சுருக்குவார். கை காற்றில் அசையும். அப்போது உங்கள் திறன்பேசியை எடுக்காதீர்கள். ஆங்கிலச் சொல்லைச் சொல்லாதீர்கள். முதலெழுத்தைக் கேளுங்கள். சொல் வந்ததும் இருவரும் சேர்ந்து அதை ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். வராவிட்டாலும் கவலை வேண்டா. இரவு பதினொரு மணிக்கு அது வரும். மறுநாள் காலையில் அதை உங்களிடம் சொல்வதற்கு அவர் காத்திருப்பார். நீங்கள் மறவாமல் கேளுங்கள்.